எட்டால் வகுத்த உத்திரம்

தப்பாக வகுத்த ஒரு கணக்கைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு நான் மூன்று நாள் ஊருக்குள் நிமிர்ந்து நடந்திருக்கிறேன். டீக்கடையில் எனக்கு முதல் கிளாஸ் வந்தது. கர்டருக்குக் கணக்குப் போட்ட தம்பி என்று என்னைக் காட்டிப் பேசினார்கள். இப்போது தலையில் பாதி நரைத்துவிட்டது. எத்தனையோ சிறு பாலங்களையும் பள்ளிக்கூடக் கூரைகளையும் காகிதத்தில் நிறுத்திவிட்டேன். ஆனாலும் அந்த மூன்று நாளை நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிறது. எதையும் பிடித்துக்கொண்டிருக்காத உள்ளங்கை.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடிக்கு வெளியே, அரியக்குடி போகிற சாலையில் ஓர் எஞ்சின் பட்டறை. அரிசி ஆலைகளிலும் எண்ணெய் ஆலைகளிலும் ஓடிக் களைத்த பெரிய டீசல் எஞ்சின்கள் லாரியில் வந்து சேரும். இறக்கி, பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி லாரியில் ஏற்ற வேண்டும். இறக்குவதும் ஏற்றுவதும்தான் பாடு. மூங்கில் முக்காலி, தண்டவாளக் கட்டை, பத்துப் பேர், பதினோராவதாக ஒருவர் கத்துவதற்கு. அதைப் பார்த்துப் பார்த்து அலுத்த முதலாளி, சங்கிலியை இழுத்தால் கப்பி சுழன்று எடையைத் தூக்குகிற செயின் பிளாக் ஒன்றை வாங்கினார். அதைத் தொங்கவிட மேலே ஓர் இரும்பு உத்திரம் வேண்டும். கர்டர் என்பார்கள். அது எவ்வளவு கனத்ததாக இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் நான்.

நாச்சியாபுரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் வயலில் இறங்கியவர்கள். நான் ஒருவன்தான் டிப்ளமோ படித்துவிட்டு, மூன்று வருஷம் ஒரு கட்டட காண்டிராக்டரிடம் மொட்டைமாடித் தளங்களுக்கு உத்திரம் வரைந்துகொண்டிருந்தேன். அங்கிருந்துதான் பட்டறைக்கு வந்தேன். அந்த மூன்று வருஷம்தான் என்னைக் கெடுத்தது.

கர்டர் வலையபட்டியில் கிடைத்தது. பங்காளிகள் பிரித்துக்கொள்ள முடியாமல் இடித்து விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரிய வீட்டின் மேல்தளத்தைத் தாங்கியது. எட்டு அங்குல உயரம், வயிற்றில் வெளிநாட்டு எழுத்து. அந்த எழுத்தைப் பார்த்ததும் முதலாளி கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. கப்பலில் வந்த இரும்பு, இந்தக் காலத்தில் எவன் செய்வான் என்றார். துரு இல்லை. கீழ்ப்பட்டையில் மட்டும் பழைய போல்ட்டுகள் இருந்த துளைகள் வரிசையாக, மூடாத கண்கள் மாதிரி.

பட்டறையின் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் நடுவே இருபது அடி. தூக்க வேண்டிய எடை அதிகபட்சம் மூன்று டன். கணக்கு எளிது. எடையை நீளத்தால் பெருக்க வேண்டும், அறுபது. அதை ஓர் எண்ணால் வகுக்க வேண்டும். வருகிற விடைதான் உத்திரத்தை வளைக்கப் பார்க்கிற வலு. இந்த எட்டு அங்குலக் கர்டர் பதினொன்று வரை பயமில்லாமல் தாங்கும் என்பது புத்தகத்தில் இருந்தது. நான் அறுபதை எட்டால் வகுத்தேன். ஏழரை வந்தது. பதினொன்று எங்கே, ஏழரை எங்கே. தாராளம் என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டேன். தாராளத்தின் 'ம்' மேல் வைத்த புள்ளி தாளைத் துளைத்தது. அவ்வளவு தைரியம்.

வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் கர்டர் ஏறியது. இந்தப் பக்கத்தில் நிலை வைப்பதானாலும் உத்திரம் ஏற்றுவதானாலும் வெறுங்கையோடு செய்யமாட்டார்கள். முதலாளியின் மனைவியை நாங்கள் ஆச்சி என்போம். ஆச்சி வந்து கர்டரின் நடுவில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். இரண்டு நுனியிலும் நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து கட்டினார்கள். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. எல்லாருக்கும் வேட்டி துண்டு. எனக்கு வந்த துண்டில் ஜரிகை கொஞ்சம் கூட.

மூன்றாம் நாள் காலையில் சைக்கிளில் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே இரண்டு பேர், எங்கோ அன்னதானம் போல, ஒரு பெரிய அண்டாவை மூங்கிலில் கோத்துத் தோள்மாற்றித் தூக்கி வந்தார்கள். அண்டா நட்டநடுவில் தொங்கியது. மூங்கில் அந்த ஓரிடத்தில் வில்லாக வளைந்து, ஒவ்வோர் அடிக்கும் இன்னும் கொஞ்சம் வளைந்து, நிமிர்ந்து, வளைந்தது. அவர்கள் என்னைக் கடந்து போய்விட்டார்கள். நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று தெரிவதற்கு முன்பே இறங்கிவிட்டேன்.

தளம் உத்திரத்தின் மேல் நீளம் முழுக்கப் படுத்துக்கிடக்கும். அதற்குத்தான் எட்டு. எஞ்சின் ஒரே கொக்கியில், நடுவில், அந்த அண்டாவைப் போலத் தொங்கும். அதற்கு நாலு. மூன்று வருஷமாக வீடுகளையே வரைந்த கை, யோசிக்காமல் எட்டை எடுத்துப் போட்டிருக்கிறது. வீடுகளால் ஆன ஊரில் எல்லா எடையும் வீடாகவே தெரிந்திருக்கிறது எனக்கு. அறுபதை நாலால் வகுத்தால் பதினைந்து. தாங்குவது பதினொன்று.

சாலையோரம் குந்தி விரலால் மணலில் எழுதிப் பார்த்தேன். பதினைந்துதான். அழித்துவிட்டு எழுதினேன். பதினைந்து.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். நின்றபடியே, மூச்சு வாங்க. அவர் கெட்டவர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாற்காலியைக் காட்டினார். மோர் கொடுக்கச் சொன்னார். முழுக்கக் கேட்டார்.

“தம்பி, தாள்ல கையெழுத்துப் போட்டது யாரு?”

“நாந்தான் முதலாளி.”

“முந்தாநாள் போட்ட கணக்கு தப்புங்கிறீக. இன்னைக்குப் போட்டது சரிங்கிறீக. நாளைக்கும் ஒண்ணு போடுவீகளோ?”

தப்பு தப்புதான், கர்டரை இறக்கிவிட்டுப் பத்து அங்குலத்தில் ஒன்று ஏற்றலாம் என்றேன். அதுவரை அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. நாற்பது வருஷம் ஒரு வீட்டுத் தளத்தையும், அதன்மேல் எத்தனையோ கல்யாணக் கூட்டத்தையும் தாங்கிய இரும்பு என்றார். அது பரவிக் கிடந்த எடை, இது தொங்குகிற எடை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் காதுக்கே அது ஒரு சாக்குப்போக்கு மாதிரிதான் கேட்டது. கடைசியில் மெதுவாக, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இந்தப் பக்கத்துல கர்டர் எறங்குதுன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா? வீடு முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். பூசை போட்டு ஏத்துனதை மூணாம் நாளு எறக்குனா, நான் பட்டறையை மூடிட்டேன்னு சாயங்காலத்துக்குள்ள பேசிருவாக. அப்பறம் எவன் எஞ்சினை அனுப்புவான்?”

அவர் சொன்னது உண்மை. அந்த வருஷங்களில் எங்கள் சாலையில் மாட்டுவண்டியிலும் லாரியிலும் போன கர்டர்கள் எல்லாம் இடித்த வீடுகளிலிருந்து இறங்கியவை. அவர் வாங்கியதும் அப்படி இறங்கியதுதான். தன் தலைக்கு மேல் ஒன்று இறங்குவதை அவர் பார்க்கமாட்டார்.

ஒரு வழி மட்டும் கொடுத்தார். ஏறியதை இறக்கக் கூடாது. ஆனால் அதன் பக்கத்தில் இன்னொன்றை ஏற்றினால் குற்றமில்லை. வலையபட்டி வீட்டில் இதன் ஜோடி இன்னும் கிடக்கிறது. இரண்டும் சேர்ந்தால் என் பதினைந்து என்ன, இருபதே தாங்கும். நல்ல நாள் பார்த்து ஏற்றிவிடலாம். ஆனால் ஆனியும் ஆடியும் ஆகாது. ஆவணியில் பார்ப்போம்.

அதுவரை எஞ்சின்கள் காத்திருக்காது.

எஞ்சின் தொங்கும்போது அதன் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அது சங்கிலியில் சுற்ற ஆரம்பித்துவிடும். கையை அதன்மேல் வைத்து, திரும்பாமல் பிடித்து, லாரி பின்னால் போனதும் கட்டைகளின் மேல் உட்கார வைக்க வேண்டும். அந்த ஆள் எங்கள் ஃபிட்டர். நாற்பது வயது இருக்கும், இரண்டு பெண் குழந்தைகள், எப்போதும் காதில் பாதி பீடி. கொக்கிக்குக் கீழே என்னென்ன நிற்கும் என்று என் தாளில் எழுதியிருந்தேன். மூன்று டன் இருந்தது. அவர் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் இவ்வளவு தடுமாறிப் பேசியதில்லை. அவர் தூக்குச்சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எம்புட்டு சார் தப்பு?”

“பாதிண்ணே. இழுக்கப்போற இழுப்புல பாதியைத்தான் கணக்குல எடுத்தேன்.”

“மிச்சப் பாதி?”

நான் கொக்கியைப் பார்த்தேன்.

“அப்ப அதை நாந்தான் தாங்கணும்,” என்று சொல்லிச் சிரித்தார். பீடியைப் பற்றவைத்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அதை அணைத்தார்.

நிற்கமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். நான் சொன்னதாகவே சொல்லுங்கள் என்றேன். அவர் மேலே கர்டரைப் பார்த்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

“நான் நிக்காட்டி இன்னொருத்தன் நிப்பான் சார். அவனுக்கு இது தெரியாது. எனக்காச்சும் தெரியும்ல.”

இதற்குப் பதில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதல் எஞ்சின் அடுத்த வாரம் வந்தது. மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவு என்று லாரிக்காரர் சொன்னார். சுவரோரமாகத் தூக்கினால் உத்திரத்துக்கு வலி குறையும். அதைச் சொல்லிப் பார்த்தேன். லாரி அங்கே நுழையாது. நடுவில் ஒரு தூண் முட்டுக்கொடுக்கலாமா என்று கேட்டேன். தூண் நின்றால் லாரி உள்ளேயே வராது. என் ஒவ்வொரு யோசனையும் அந்த லாரியில் முட்டி நின்றது.

ஆகவே அளப்பதற்கு ஏற்பாடு செய்தேன். வேறு என்ன செய்ய. சுவருக்குச் சுவர், கர்டருக்குக் கீழே, கொத்தனார் கயிற்றை இழுத்துக் கட்டினேன். ஏணியில் ஏறி, கயிற்றுக்கும் கர்டருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று குச்சியில் குறித்தேன். பட்டறையில் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு நூல் என்பார்கள். எத்தனை நூல் இறங்குகிறது என்று பார்க்கலாம். பார்த்து என்ன செய்வது என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சங்கிலி இழுக்கத் தொடங்கியது. எஞ்சின் லாரியை விட்டு ஓர் அங்குலம் எழும்பியதும், மேலே ஒரு சத்தம். முனகல் இல்லை, அதட்டலும் இல்லை. வயதானவர் தூக்கத்தில் புரண்டு படுக்கிற சத்தம். ஃபிட்டர் கையை எஞ்சின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். நான் ஏணியிலிருந்து இறங்கினேன். என்னால் தூரத்தில் நிற்க முடியவில்லை. போய் அவர் பக்கத்தில், கொக்கிக்குக் கீழே நின்றேன். கணக்குப் போட்டவன் அங்கேதானே நிற்க வேண்டும்.

அவர் திரும்பாமலே சொன்னார். “அங்குட்டுப் போங்க சார்.”

“இருக்கட்டும்ணே.”

“என்ன இருக்கட்டும். ஏதாச்சும்னா நான் பின்னால தாவணும். நீங்க என் காலுக்குள்ள நிக்கிறீக.”

என் தியாகம் அவர் ஓடுகிற வழியை அடைத்துக்கொண்டிருந்தது. நான் நகர்ந்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஏணியில் மறுபடி ஏறிக் குச்சியை வைத்தேன். ஒன்பது நூல் இறங்கியிருந்தது. ஓர் அங்குலத்துக்கு மேல். கீழே இருந்து பார்த்தால்கூட, தெரிந்தவனுக்குத் தெரியும்.

லாரி பின்னால் போனது. சங்கிலி ஒரு கண்ணி நழுவி எஞ்சின் சட்டென்று குலுங்கியது. எல்லார் தோளும் ஒன்றாக ஏறி இறங்கியது. ஃபிட்டர் கை எடுக்கவில்லை. எஞ்சின் மெல்ல இறங்கிக் கட்டைகளில் உட்கார்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். முதலாளி என் முதுகில் தட்டி, “பாத்தீகளா, கப்பல் இரும்பு,” என்றார்.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் ஆனது. அந்த நிமிஷத்தோடு என் பேச்சுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. விழுந்திருந்தால் என்னை நம்பியிருப்பார்கள். விழவேண்டும் என்று நான் எப்படி விரும்புவேன், கீழே அவர் நிற்கும்போது? சரியாக இருப்பதும் வேண்டாம், தப்பாக இருப்பதும் முடியாது. அப்படி ஓர் இடத்தில் ஒரு மனிதனை நிறுத்த ஒரு வகுத்தல் போதும்.

கொக்கியிலிருந்து எஞ்சினைக் கழற்றியதும் மறுபடி அளந்தேன். கர்டர் நிமிர்ந்துவிட்டது, ஒரு நூல் தவிர. அந்த ஒரு நூல் திரும்பி வரவில்லை. முதலாளியிடம் குச்சியைக் காட்டினேன். வயசானால் முதுகு கூனாதா என்றார்.

என் பழைய வாத்தியாருக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. நீ சொல்வது சரி, இந்த உத்திரத்தில் மூன்று டன் தூக்கவே கூடாது, பத்து அங்குலம் வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருந்தார். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “வாத்தியாரு இங்க வந்து பாத்தாராக்கும்?” என்று கேட்டு, பத்திரமாக மேஜைக்குள் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்ததோ என்னவோ, உங்களுக்கு எழுதணும்னா சுவத்துல எழுதிக்கங்க என்றார். இரண்டு டன் வரை பயமில்லை, பதினொன்றுக்குள் அடங்கும். ஆகவே 'இரண்டு டன்னுக்கு மேல் தூக்கக் கூடாது' என்று பெயின்டரை விட்டு எழுதச் சொன்னேன். அவன் சிவப்பு எழுத்துக்கு மஞ்சள் நிழல் கொடுத்து, சுற்றிக் கொடி வரைந்து, கடைசியில் ஒரு தாமரையும் போட்டுவிட்டான். வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். அதன் கீழேதான் மூன்று டன் ஏறி இறங்கியது.

ஆவணி வந்தது. ஜோடிக் கர்டரை ஏற்ற நாள் குறித்தோம். நாலு நாள் முன்னால் முதலாளியின் பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டு கழிந்தபோது புரட்டாசி பிறந்திருந்தது. புரட்டாசியில் ஆகாது. ஐப்பசியில் மழை. சுண்ணாம்புச் சுவர் ஊறிக்கிடக்கும்போது உடைத்து நுனியைச் செருகினால் சுவரே வாயைப் பிளக்கும் என்று கொத்தனார் சொன்னார். அவர் சொன்னதும் சரிதான். அந்த வருஷம் எல்லாரும் சரியாகவே சொன்னார்கள். கார்த்திகையில் வலையபட்டிக்கு ஆள் போனான். வெறுங்கையோடு வந்தான். ஜோடியை யாரோ ஒரு சினிமாக் கொட்டகைக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வேற பாப்போம் தம்பி என்றார் முதலாளி. மார்கழி வந்துவிட்டது.

இதற்குள் ஒவ்வொரு எஞ்சினுக்கும் முன்னும் பின்னும் நான் ஏணியில் ஏறுவது வழக்கமாகிவிட்டது. முதலில் கேலி செய்தார்கள். பிறகு பழகிவிட்டது. ஃபிட்டர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்பார். எஞ்சினைப் பிடிக்கிறதுக்கு முன்னால் தலையை உயர்த்தி, “எத்தனை நூல் சார்?” நிமிராமல் தங்கிவிட்டது எத்தனை என்று நான் சொல்வேன். அவர் ம் என்பார். இரண்டு நூல். ம். இரண்டு நூல். ம். இரண்டரை. கொஞ்சம் நின்று, ம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் எதையும் மாற்றவில்லை. ஆனால் கேட்காமல் கையை வைத்ததில்லை. எத்தனையில் நிறுத்த வேண்டும் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முதல் நாளே நிறுத்தியிருக்க வேண்டியதற்கு இரண்டாவது எல்லை எங்கே இருக்கும்? அஞ்சு என்றேன். ஏன் அஞ்சு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் தலையாட்டினார். நம்பினார்.

தை பிறந்து இரண்டாவது வாரம் எனக்கு அரசாங்க வேலைக்கு உத்தரவு வந்தது. தூரத்து ஜில்லா. நாச்சியாபுரத்தில் கோயிலுக்குப் பொங்கல் வைத்தார்கள். முதலாளி கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்து, தம்பி கைராசிக்காரர் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். போகவேண்டாம் என்று சொல்ல எனக்குள் யாரும் இல்லை. போகாமல் இருந்து என்ன செய்வேன், அளப்பேன். கடைசி நாள் அளந்தேன். மூன்று நூல்.

ஃபிட்டர்தான் என் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். அறுப்பு நெருங்குகிறது, ஆலைகள் ஓட ஆரம்பித்தால் எஞ்சின்கள் வரிசையாக வரும் என்று பேசிக்கொண்டே வந்தார். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

“இனிமே யாரு சார் சொல்லுவா, எத்தனை நூலுன்னு?”

நீங்களே ஏறிப் பாருங்களேன் என்றேன்.

“நான் பாக்குறதா? நான்தான் கீழ நிக்கணுமே.” கோபமாகச் சொல்லவில்லை. இருக்கிற நிலவரத்தைச் சொன்னார். பிறகு என்னைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். “சரி, போய்ட்டு வாங்க. காயிதம் போடுங்க.”

பஸ் நகர்ந்தது. நான் காகிதம் போடவில்லை. என்ன எழுதுவது? எத்தனை நூல் என்று நான் கேட்க, அவர் தெரியாது என்று எழுத?

அடுத்த வருஷம் லீவில் ஊருக்கு வந்தபோது ஒரு காலை அரியக்குடி பஸ்ஸில் ஏறி, பட்டறை நிறுத்தத்தில் இறங்கினேன். கேட் திறந்திருந்தது. வெளியே லாரி இல்லை, அப்படியானால் உள்ளே நிற்கிறது. செயின் பிளாக் கடகடவென்று இழுபடுகிற சத்தம். அதற்கு நடுவே ஃபிட்டரின் குரல். “மெல்ல, மெல்ல. விடு. இன்னும் விடு.” உயிரோடு, அந்த இடத்தில், கையை வைத்துக்கொண்டு. இரண்டு அடி வைத்தால் அவரைப் பார்த்திருக்கலாம்.

உள்ளே போனால் அவர் தலையை உயர்த்துவார். கேட்பார். நான் ஏணியைத் தேடி ஏற வேண்டும், ஏதோ ஓர் எண்ணைக் காண வேண்டும், அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் அவர் அங்கேயே நிற்பார்.

எதிர்ப்பக்கம் காரைக்குடி பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டேன்.